டக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான்

வணக்கமுங்க. புதுச்சேரி, கடலூர் பக்கம் கேட்டுகிட்டு இருக்கற எல்லாருக்கும் வணக்கம். கிளாசிக் கார் பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. கிளாசிக்குன்னு சொல்ற அளவுக்கெல்லாம் இல்ல, எங்க வீட்ல நிக்கறது 1986 அம்பாசிடர், மார்க் ஃபோர். மேற்கு வங்காளத்துல உத்தர்பாரா ஃபேக்டரியில 2014ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க, இது இன்னும் ஓடுது. ஓடும்போது ஓடும், அதான் இன்னிக்கு விஷயமே.

செல்ஃப், அதான் சாவிய திருப்பினா எஞ்சினை சுத்தி விடற மோட்டாரு, சுத்தமா எடுக்கலன்னா கண்டுபிடிக்கறது ஈசி. காலைல எடுக்குது, டீ குடிச்சிட்டு வந்தா எடுக்கல, மெக்கானிக் முன்னாடி நிறுத்தினா ஜம்முனு எடுக்குதுன்னா என்ன பண்ணுவீங்க? ஜுரம் டாக்டரை பாத்ததும் இறங்கிடற மாதிரிதான்.

எங்க வண்டி ஒரு வருஷம் இப்படி படுத்துச்சு. சாவிய திருப்பினா டக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். பேட்டரி மாத்துனோம், ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு, திரும்பவும் டக். செல்ஃபை கழட்டி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் புதுசு போட்டோம், திரும்பவும் டக். ஒருவாட்டி கடலூர்ல கல்யாணம், திருப்பாதிரிப்புலியூர்ல, முகூர்த்தம் ஏழரைக்கு, கிருமாம்பாக்கத்துல டீக்கு நிறுத்துனேன், நிறுத்தியிருக்கவே கூடாது. பட்டு வேட்டிய மடிச்சு கட்டிகிட்டு நானும் மச்சானும் தள்றோம், வீட்டுக்காரம்மா ஸ்டியரிங்ல. வண்டி அசையற மாதிரி தெரியல, சரி இன்னொருவாட்டி செல்ஃப் அடிச்சு பாருன்னேன். அவங்க சோக்கு குமிழ, அதான் எஞ்சின் ஆறியிருந்தா ஸ்டார்ட் பண்ண இழுக்கறது, இழுத்து புடிச்சிகிட்டு நாலஞ்சு தடவ சாவிய திருப்பினாங்க, திடீர்னு கைய உதறிட்டு "ஏங்க, இந்த குமிழ் சுடுதுங்க"ன்னாங்க.

சோக்கு குமிழ் ஏன் சுடணும்? சோக்கு வெறும் கம்பிங்க, அதுல கரண்டே கிடையாதே! நான் முப்பது வருஷம் கரண்டு வேலை பாத்த ஆளு, ஊருக்கெல்லாம் எர்த்து போட்ட ஆளு, அந்த எடத்துலதான் எனக்கு உறைச்சுது. எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல உக்காந்திருக்கு, ரப்பர்ல கரண்டு போகாது. செல்ஃபுக்கு போன கரண்டு பேட்டரிக்கு திரும்பி வர, எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல வண்டிக்கு அடியில செம்பு பின்னல்ல ஒரு பட்டை போட்டிருப்பாங்க, அதுதான் எஞ்சினுக்கு எர்த்து. அந்த வழி அடைச்சிருந்தா கரண்டு சும்மா இருக்குமா, சோக்கு கம்பி வழியா, ஆக்சிலேட்டர் கம்பி வழியான்னு பூந்து வரும். அதான் சூடு.

முகூர்த்தம்? எட்டே முக்காலுக்கு போய் சாப்பாட்டு பந்தியில உக்காந்தோம்.

வீட்டுக்கு வந்து கீழ படுத்து பாத்தா பட்டை இருக்கு, முறுக்கா இருக்கு, ஆனா போல்ட்டுக்கு அடியில பச்சையா பூத்து கிடக்கு. கடற்கரை ஊரு, உப்புக்காத்து, கேக்கணுமா. மீட்டர்ல, வழி அறுந்திருக்கான்னு பாக்கற பீப் வச்சு பாத்தா பீப்னு நல்லாவே கத்துது! இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. ஒரு சைக்கிள் போற சந்துல மாசி மகத்தன்னிக்கு வைத்திக்குப்பம் கூட்டத்த விட்டா போகுமா? மீட்டர் அனுப்பறது சைக்கிள். செல்ஃப் இழுக்கறது நூறு, நூத்தம்பது ஆம்பியர், அது திருவிழா கூட்டம்.

அதனால சும்மா நிக்கும்போது அளக்காதீங்க, செல்ஃப் அடிக்கும்போது அளங்க. திரும்பவும் சொல்றேன், செல்ஃப் அடிக்கும்போது. கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டுக்கங்க, வண்டி ஸ்டார்ட் ஆகாம இருக்க பிளக்குக்கு கரண்டு குடுக்கற காயிலுக்கு வர்ற சின்ன வயரை கழட்டிடுங்க. மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, ஒரு முனை பேட்டரியோட எர்த்து கட்டை மேலயே, கிளாம்புல இல்ல கட்டை மேல, இன்னொன்னு எஞ்சின்ல பெயிண்ட் இல்லாத எடத்துல. ஒருத்தர் சாவிய திருப்பட்டும். கால் வோல்ட்டுக்குள்ள காட்டினா நல்ல எர்த்து. அரை வோல்ட்ட தாண்டினா சந்தேகப்படுங்க. எனக்கு மூணு வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு! பன்னெண்டுல மூணு வழியிலயே போயிட்டா செல்ஃப் எதை வச்சு சுத்தும்? உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, புது பட்டை போட்டு, இறுக்குனதுக்கு மேல கிரீஸ் தடவுனேன். பேட்டரி, பிரஷ், புஷ்ஷுன்னு செலவழிச்ச காசுக்கு எத்தனை பட்டை வாங்கியிருக்கலாம், அது இருக்கட்டும்.

அடுத்து இக்னிஷன் சுவிட்ச், சொலினாய்டு, டைனமோன்னு எழுதி வச்சிருந்தேன், நேரம் ஆச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் விரல காட்டறாங்க. சுருக்கமா, எர்த்து நல்லா இருந்து டக்குங்கற சத்தமே வரலன்னா சொலினாய்டுக்கு, அதான் செல்ஃபுக்கு கரண்ட திறந்து விடற சுவிட்சு, அதுக்கு போற சின்ன வயரையும் சாவி சுவிட்சையும் பாருங்க. டைனமோ இன்னொரு நாள். ஆங், பேட்டரிய கழட்டும்போது எது பாடியில மாட்டியிருக்கோ அத முதல்ல கழட்டுங்க, சில பழைய வண்டியில பாசிட்டிவ் எர்த்து இருக்கும், நிறத்த பாத்து கழட்டிடாதீங்க. வரேங்க, வணக்கம்.