கணக்குப் பிரிவுக்கு மட்டும் ஏன் நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

அலுவலகத்தில் மற்ற எல்லோருக்கும் நெட்வொர்க் நன்றாக வேலை செய்கிறது. கணக்குப் பிரிவுக்கு மட்டும் ஒரு கோப்பைத் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. சம்பளப் பட்டியல் போட வேண்டிய மாதக் கடைசியில் தொல்லை இன்னும் கூடுகிறது. நெட்வொர்க் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அடிக்கடி வரும் புகார் இது. இதற்கு நிர்வாகம் முதலில் சொல்வது, "இன்டர்நெட் வேகத்தைக் கூட்டிவிடலாம்" என்பது. கூட்டியும் பலனில்லை என்றால் அடுத்து ஒன்று சொல்வார்கள்: "அந்தப் பிரிவைத் தனியாகப் பிரித்து வைத்ததால்தானே இந்த வம்பு? பழையபடி எல்லோரோடும் சேர்த்துவிடுங்கள்." முதல் முடிவில் பணம் வீணாகும், அவ்வளவுதான். இரண்டாவது முடிவு ஆபத்தானது. அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

அலுவலகக் கணினிகளின் கேபிள்கள் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச். ஒரே சுவிட்சில் இணைந்திருக்கும் கணினிகளைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரித்து வைக்கும் ஏற்பாட்டுக்கு வீ-லேன் என்று பெயர். இதற்கான 802.1க்யூ தரத்தை ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு 1998-இல் வெளியிட்டது. நெட்வொர்க்கில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகும். சுவிட்சுகளுக்கிடையே போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் அது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று காட்ட 4 பைட் அடையாளம் சேர்க்கப்படுகிறது. முழு அளவுப் பொட்டலம் 1518 பைட். அதில் 4 பைட் என்பது ஏறத்தாழ கால் சதவீதம். மனிதர் எவரும் உணரக்கூடிய தாமதம் இதனால் வராது. ஆனால் வரவேற்பறைக் கணினியில் புகுந்த தீய மென்பொருள் சம்பளக் கணக்கு வரைக்கும் நேராகப் போய்விடாமல் தடுப்பது இந்த ஏற்பாடுதான். அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அப்படியானால் மந்தம் எங்கிருந்து வருகிறது? தனியாகப் பிரிக்கப்பட்ட பிரிவு வெளியே எங்கே போக வேண்டுமானாலும் ஒரே வழிதான் உண்டு. பெரும்பாலும் அது ஃபயர்வால், அதாவது எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று விதிப்படி பார்க்கும் காவல் கருவி. கணக்குப் பிரிவின் கோப்புகளை வைத்திருக்கும் சர்வர் வேறு வீ-லேனில் இருந்தால், ஒவ்வொரு கோப்பும் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். எனவே முதலில் தெரிய வேண்டியது, மந்தம் பிரிவுக்கு உள்ளேயா, வெளியே போகும் வழியிலா என்பது. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அதே பிரிவில் இருக்கும் இரண்டு கணினிகளுக்கிடையே ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துப் பாருங்கள். பிறகு சர்வரிலிருந்து அதே கணினிக்கு அதே கோப்பை நகலெடுங்கள். ஜிகாபிட், அதாவது 1000 மெகாபிட் இணைப்பு சரியாக இருந்தால், எட்டு பிட் ஒரு பைட் என்பதால், விநாடிக்கு 110 மெகாபைட் அளவில் ஓடும். அது 11 மெகாபைட் அளவிலேயே நின்றுவிட்டால், வழியில் எங்கோ ஓர் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிக் கிடக்கிறது என்று பொருள். வட்டின் வேகம் குழப்பும் என்று நினைப்பவர்கள் ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருளால் நெட்வொர்க்கை மட்டும் தனியே அளக்கலாம்.

நான் போய்ப் பார்த்த ஓர் அலுவலகத்தில் நிலைமை இதைவிட மோசம். பிரிவுக்கு உள்ளே வேகம் அருமையாக இருந்தது. சர்வரிலிருந்து வரும்போது விநாடிக்கு ஒரு மெகாபைட்கூடத் தேறவில்லை. ஆனால் 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் சோதனையைக் கொடுத்துப் பார்த்தால் ஒன்றுகூடத் தவறாமல், உடனுக்குடன் பதில் வந்தது. பிங் நன்றாக இருக்கிறது, ஆகவே நெட்வொர்க்கில் குறையில்லை, உங்கள் கணினிகள்தான் பழையவை என்று அந்த ஊழியர்களிடம் சொல்லியிருந்தார்கள். வேலை முடியாமல் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். அந்தப் பதிலைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தப் பிரிவுக்கென்று ஃபயர்வாலில் தனி போர்ட், அதாவது கேபிள் செருகும் துளை, ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் கேபிள் வந்து சேரும் சுவிட்ச் போர்ட்டின் நிலையைத் திரையில் எடுத்துப் பார்த்தோம். வேகம் 100 மெகாபிட். ஹாஃப் டூப்ளெக்ஸ். கீழே 'லேட் கொலிஷன்' என்ற வரியில் ஒரு பெரிய எண். கோப்பை நகலெடுக்கத் தொடங்கியதும் அந்த எண் கண்ணெதிரே ஏறியது. நிறுத்தியதும் அது நின்றது. ஃபயர்வால் பக்கம் பார்த்தால் அங்கே ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் நிலைநிறுத்தி வைத்திருந்தார்கள். சிதைந்து வந்த பொட்டலங்களின் கணக்கும் அங்கே ஏறிக்கொண்டிருந்தது.

ஃபுல் டூப்ளெக்ஸ் என்றால் இரு முனைகளும் ஒரே நேரத்தில் அனுப்பலாம், பெறலாம். ஹாஃப் டூப்ளெக்ஸ் காவல்துறையினரின் வாக்கி-டாக்கி மாதிரி: ஒருவர் பேசி முடித்த பிறகுதான் மற்றவர் பேச முடியும். இங்கே ஃபயர்வால் முனை ஃபுல் என்பதால் நினைத்தபோதெல்லாம் பேசுகிறது. ஹாஃபில் இருக்கும் சுவிட்ச் முனை அதை மோதல் என்று எண்ணி, தான் அனுப்பிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்துகிறது. ஈதர்நெட்டில் மோதல் வந்தால் முதல் 64 பைட்டுக்குள் வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வருவதுதான் லேட் கொலிஷன். சரியாக அமைத்த இணைப்பில் அது வரவே வராது. பிங் ஏன் பிழைத்தது என்பதும் இப்போது புரியும். அது ஒரு சின்னக் கேள்வியை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. இரு முனைகளும் ஒரே நேரத்தில் பேசும் சந்தர்ப்பமே அங்கே வருவதில்லை.

சில பொட்டலங்கள் தொலைந்ததற்கு இத்தனை மந்தமா என்று கேட்கலாம். 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜ தூரத்தில், விநாடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு 40 பிட்டுக்குச் சரிந்தது. நெரிசலில் தொலைந்தவற்றைக் கணினிகள் திரும்பத் திரும்ப அனுப்பி, நெரிசலை இன்னும் பெருக்கிக்கொண்டன. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், ஒரு பொட்டலம் தொலைந்தால் அனுப்புபவர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படி, கணினிகள் தகவலை அனுப்பிப் பெறும் விதிமுறையான டிசிபியைத் திருத்தினார். இணையம் இன்றும் நிமிர்ந்து நிற்பதற்கு அந்தத் திருத்தம் ஒரு முக்கியக் காரணம். ஆனால் பொட்டலம் நெரிசலால் தொலைந்ததா, போர்ட் அமைப்பில் இருந்த பிழையால் தொலைந்ததா என்பது டிசிபிக்குத் தெரியாது. காலியாகக் கிடக்கும் கம்பியில்கூட நெரிசல் என்று எண்ணி அது வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகும்.

கையால் நிலைநிறுத்தியவர் யார் என்று தேடுவதில் பயனில்லை. 1990-களின் நடுவில், இரு முனைகளும் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் தாமே பேசி முடிவு செய்யும் தானியங்கி உடன்பாட்டு முறை புதிதாக வந்தபோது, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் படுத்தின. அன்று கையால் அமைத்தது நியாயமான முடிவு. அந்தப் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. ஒரு முனையில் கையால் அமைத்துவிட்டால், மறு முனை வேகத்தைக் கண்டுபிடித்துவிடும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாது. தரத்தின்படி அது ஹாஃப் என்றே எடுத்துக்கொள்ளும். செப்புக் கேபிளில் ஜிகாபிட் வேண்டுமென்றால் தானியங்கி முறை கட்டாயம். இரு முனைகளையும் தானியங்கிக்கு மாற்றினோம். இணைப்பு ஒரு கணம் அறுந்து, 1000 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் என்று எழுந்தது. வீ-லேன் இருந்த இடத்தில் இருந்தது. ஃபயர்வாலில் ஒரு விதியைக்கூடத் தளர்த்தவில்லை.

எல்லா இடத்திலும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கேபிளில் உள்ள 8 கம்பிகளில் ஒன்று விட்டுப்போனாலும் ஜிகாபிட் இணைப்பு 100-க்கு இறங்கலாம், ஏனென்றால் 100 மெகாபிட்டுக்கு 4 கம்பி போதும். கிளை அலுவலகத்துக்குச் சிறிய தகவல்கள் போய், பெரியவை மட்டும் நடுவில் நின்றுவிட்டால், பாதுகாப்பு என்ற பெயரில், நெட்வொர்க் கருவிகள் பிழைச் செய்தி அனுப்பும் ஐசிஎம்பி முழுவதையும் ஃபயர்வாலில் அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். "பொட்டலம் பெரிதாக இருக்கிறது, சிறிதாக அனுப்பு" என்ற செய்தி அந்த வழியில்தான் திரும்பி வர வேண்டும்.

இன்னொரு வகை மந்தம் தனித்த பிரிவுகளுக்கே உரியது. திறக்க ஐந்தாறு விநாடி எடுக்கும், திறந்துவிட்டால் எல்லாம் வேகமாக ஓடும். அங்கே வேகத்தை அளப்பது வீண் வேலை, பெயரைக் கொடுத்தால் கணினியின் எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியைப் பாருங்கள். பிரிவைத் தனியாக்கியபோது கணினிகளுக்குக் கொடுத்த முதல் டிஎன்எஸ் சர்வர் ஃபயர்வாலுக்கு அப்பால் அடைபட்டுப் போயிருக்கும். கணினி அதனிடம் கேட்டு, காத்திருந்து, பதில் வராமல் இரண்டாவது சர்வரிடம் போகும். லினக்ஸில் இயல்பான காத்திருப்பு 5 விநாடி. அந்த ஒரு சர்வருக்கு, டிஎன்எஸ் கேள்விகளுக்கான 53-ஆம் போர்ட் எண்ணுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். உள் பிரிவுகளுக்கிடையே தடுக்கும் விதிகளை, சத்தமில்லாமல் விழுங்குவதாக அமைக்காமல், மறுப்பைச் சொல்லித் திருப்பி அனுப்புவதாக அமைப்பதையே நான் விரும்புகிறேன். மறுப்பு வந்துவிட்டால் கணினி காத்திருக்காது.

புகார் கொடுக்கும் ஊழியர்களிடம் ஒரு வேண்டுகோள். "நெட் ஸ்லோ" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் கோப்பு, எந்த சர்வரில் இருப்பது, எத்தனை மணிக்கு, பக்கத்து மேசையிலும் அப்படித்தானா, தொடங்கும்போது மந்தமா அல்லது ஓடும்போதா என்று நான்கு வரி எழுதுங்கள். அந்தப் புகாரைக் கையில் வாங்கும் பொறியாளர்களே, பிங் பதிலோடு திருப்தி அடைந்துவிடாமல், அந்தப் பிரிவு வெளியே போகும் போர்ட்டின் இரு முனைகளிலும் உள்ள பிழைக் கணக்கைப் பாருங்கள், பெரிய கோப்பு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே பாருங்கள்.

நன்றி, வணக்கம்.