பிள்ளைகளோடு மலைக்கு வந்தால் இரண்டே இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் மாதம் முழுப் பரீட்சை முடிந்த கையோடு நம் நீலகிரி வீடுகளில் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வர்றோம், ரெண்டு நாள் சுத்திக் காட்டுங்க" என்று திருப்பூரிலிருந்து அண்ணனோ மதுரையிலிருந்து மச்சினியோ சொல்வார்கள். நாமும் ஒரு வேனைப் பிடிப்போம். ஓட்டுநர் கையில் பட்டியல் தயாராக இருக்கும்: தொட்டபெட்டா, தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, படகு இல்லம், சிம்ஸ் பூங்கா, லேம்ஸ் ராக், டால்பின் நோஸ். ஏழு இடம், ஒரே நாள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியை நிறுத்த, டிக்கெட் எடுக்க, கழிப்பறையைத் தேட என்று ஓரிடத்துக்கு முக்கால் மணி நேரம் வைத்தாலும் ஏழு இடத்துக்கு ஐந்தேகால் மணி நேரம் ஆகிறது. அந்த ஐந்தேகால் மணி நேரத்தில் எந்தப் பிள்ளையும் எதையும் பார்த்திருக்காது. மிச்ச நேரம் வளைவுகளில் குலுங்கியபடி வேனுக்குள். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும், இரண்டையும் மதியம் இரண்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். கோடையில் நம் பக்கம் மதியத்துக்கு மேல் மேகம் கட்டி மழை வருவது வழக்கம். வெளியில் சுற்றுவது காலையில்தான்.

முதலில் மலை ஏறி வர வேண்டுமே. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர். குன்னூர் சாலையில் மட்டும் 14 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி கொடுங்கள். பால், பூரி, முட்டை வேண்டாம். வாந்தி மாத்திரையைப் பிள்ளையின் எடை சொல்லி மருத்துவரிடம் அளவு கேட்டு, வண்டி ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் வந்த பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டே வரும் பிள்ளைதான் முதலில் வாந்தி எடுக்கும். கண் அசையாத ஒன்றைப் பார்க்கிறது, காதுக்குள் உள்ள சமநிலை உறுப்போ உடம்பு சுழல்வதைச் சொல்கிறது, இரண்டும் ஒத்துப்போவதில்லை. ஜன்னல் வழியாகத் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காது அடைத்தால் பெரிய பிள்ளைகளுக்குப் புளிப்பு மிட்டாய், கைக்குழந்தைக்குத் தாய்ப்பால். விழுங்க விழுங்க அடைப்பு விடும். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் காது நன்றாகவே வலிக்கும், அந்த வாரம் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. பர்லியாரில் இறங்கிக் காற்று வாங்கலாம். ஆனால் தின்பண்டப் பையை வண்டிக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு இறங்குங்கள். அங்குள்ள குரங்குகளுக்குப் பை சத்தம் நன்றாகத் தெரியும்.

இன்னும் இரண்டு விஷயம். நீலகிரிக்குள் வர 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். நம் டிஎன் 43 வண்டிகளுக்குத் தேவையில்லை, வருகிற உறவினருக்கு வேண்டும். தண்ணீர் பாட்டில் உள்ளிட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு இங்கே தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.

சரி, எந்த இரண்டு இடம்? என்னைக் கேட்டால் குன்னூர் ரயில் நிலையமும் உதகை தாவரவியல் பூங்காவும். ரயில் நிலையத்தைச் சுற்றுலாத் தலமாக யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடம் இந்த மலையில் குறைவு.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் முழுதாக வருவது அருமைதான், ஆனால் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அது நீளம். ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், பெட்டியில் கழிப்பறை கிடையாது. முன்பதிவும் எளிதில் கிடைக்காது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் வண்டியே ரத்தாகும். அதற்குப் பதில் குன்னூரிலிருந்து உதகைக்கு மட்டும் ஏறுங்கள். 19 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஊர்ப் பெயர்களைப் பிள்ளைகளே எண்ணிக்கொண்டு வரலாம். ஏறுவதற்கு முன் குன்னூரிலேயே கழிப்பறைக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணிவாக்கில் கிளம்பும் நீராவி வண்டி பத்தரை மணிவாக்கில் குன்னூர் வந்து சேரும். அரை மணி நேரம் முன்பே பிளாட்பாரத்துக்குப் போய்விடுங்கள். வண்டி வரும்போது இன்ஜின் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். முன்னால் தேடுவார்கள், அது பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வரும். இன்ஜின் எப்போதும் மலையின் கீழ்ப்பக்கம் இருந்தால்தான், நடுவில் கொக்கி விட்டாலும் பெட்டிகள் சரிவில் ஓடிவிடாமல் அது தாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் நிற்பார். பின்னால் இருக்கும் டிரைவருக்கு முன்னால் உள்ள பாதை தெரியாது, ஆகவே முன்பெட்டியில் இருப்பவர் கொடி காட்டுவார், அது பெட்டிக்குப் பெட்டி கைமாறிப் பின்னே போகும். இதைப் பார்த்த பிள்ளை வீட்டில் ஒரு வாரம் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது பல்சக்கரப் பாதை. கல்லாறு தாண்டியதும் தொடங்கிக் குன்னூரோடு முடிகிறது. தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகள் ஒட்டி ஒட்டி ஓடும். பிளாட்பாரத்தில் நின்றபடி மேட்டுப்பாளையம் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள், தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். இரண்டு சீப்புகளை அரைப் பல் தள்ளிச் சேர்த்துப் பிடித்துக் காட்டினால் பிள்ளைக்குச் சட்டென்று விளங்கும். ஒரு பல் விடுவதற்கு முன் அடுத்தது பிடித்துக்கொள்கிறது, இன்ஜின் எந்த நொடியும் பிடியில்லாமல் நிற்பதில்லை. பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் வெறும் சக்கரம் வழுக்கிவிடும். 1899-ல் குன்னூர் வரை வண்டி வந்தது, 1908-ல் உதகை வரை. அன்று போட்ட அதே யோசனைதான் இன்றும் ஏற்றுகிறது. குன்னூரில் நீராவி இன்ஜின் கழன்றுவிடும், டீசல் இன்ஜின் வந்து மாட்டும். அதைப் பார்க்காமல் யாரும் வண்டியில் ஏறி ஜன்னல் பிடிக்க ஓட வேண்டாம், ஒருவர் ஓடினால் போதும்.

தாவரவியல் பூங்கா 1848-ல் மெக்கைவர் என்பவர் மேற்பார்வையில் தொடங்கப்பட்டது, 22 ஹெக்டேர். பூங்கா முழுதும் சரிவு, தள்ளுவண்டி உதவாது. தெம்பு இருக்கும்போதே மேலே ஏறிவிட்டு, களைத்த பின் இறங்கி வர வேண்டும். குன்னூர் சிம்ஸ் பூங்கா இதற்கு நேர்மாறு, பள்ளத்தில் இருக்கிறது. ஓடி இறங்கிய பிள்ளை திரும்பி ஏறும்போது தோளில்தான் வரும். மலர்க்காட்சி சமயத்தில் உதகைப் பூங்காவின் பெரிய புல்வெளியில் கால் வைக்க விடமாட்டார்கள், உருண்டு விளையாட வேண்டுமானால் வேறு நாள் பாருங்கள். இரண்டு கோடி ஆண்டுகள் பழையது என்று சொல்லப்படும் கல்மரத்தைத் தவறவிடாதீர்கள்.

அங்கே பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: கீழே விழுந்த இலை மட்டும், ஆளுக்குப் பத்து. பறிக்கக் கூடாது. கற்பூர மரத்தில், அதாவது யூகலிப்டஸில், ஒரு வேடிக்கை உண்டு. வெட்டிய அடிமரத்திலிருந்து துளிர்க்கும் இளங்கிளையைப் பாருங்கள். இலை வட்டமாக, நீலச் சாம்பல் பூசினாற்போல, காம்பே இல்லாமல் ஜோடி ஜோடியாகத் தண்டை ஒட்டியிருக்கும். வளர்ந்த மரத்து இலையோ அரிவாள் போல நீண்டு தொங்கும். இரண்டும் ஒரே மரம் என்றால் பிள்ளை நம்பாது. கசக்கி முகர்ந்தால் இரண்டிலும் அதே தைல வாசனை வரும், அப்போது நம்பும். நம் மலைக்கே அடையாளமாகிவிட்ட இந்த மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சாலையோரங்களில் வெள்ளையாக, எக்காளம் போலத் தலைகீழாகத் தொங்கும் பெரிய பூவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது ஊமத்தையின் உறவு, பூ, இலை, விதை எல்லாமே விஷம். தொட்ட கையோடு கண்ணைக் கசக்கினாலே பார்வை மங்கும். அதைப் பறித்து விளையாட விடாதீர்கள்.

படகு இல்லத்துக்குக் கட்டாயம் போகவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் வார நாளில், திறந்த உடனே போய்விடுங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு இரு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுக்கு மேல் ஏறினால் அது பெரிய அளவு, சின்னது கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

உடுப்பில் பெரும்பாலோர் செய்யும் தவறு, ஒரே தடிமனான ஸ்வெட்டர். பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் கழற்றினால் உள்ளே வேர்த்து நனைந்த சட்டை, அதில் குளிர்காற்று. மெல்லியதாக இரண்டு போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். குளிர்கிறதே என்று தொப்பி போடாமல் விடுவார்கள், சாயங்காலம் பிள்ளையின் மூக்கும் கன்னமும் கன்றிச் சிவந்திருக்கும். இந்த உயரத்தில் காற்று மெல்லியது, வெயில் வடிகட்டாமல் விழுகிறது. குளிரில் பிள்ளைகள் தாமாகத் தண்ணீர் கேட்பதில்லை, மணிக்கொரு தடவை நாமே கொடுக்க வேண்டும்.

குன்னூர், கோத்தகிரி பக்கம் தங்கினால் ஆறு மணிக்குள் வீட்டுக்குள் வந்துவிடுங்கள். தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமையும் அந்தி நேரத்தில் கரடியும் நமக்குப் பழக்கம், விருந்தாளிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. காட்டெருமை அசையாமல் நிற்பதைப் பார்த்து வீட்டு மாடு என்று கிட்டப் போவார்கள்.

மழை வந்து வீட்டில் அடைபட்டால் முட்டை வேகவையுங்கள். திருப்பூரில் வேகும் நேரம் இங்கே போதாது, ஏனென்றால் உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடிகாரத்தைக் கொடுத்து நேரம் குறிக்கச் சொல்லுங்கள்.

இறங்கும் வழியில், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதை உறவினருக்கு நினைவுபடுத்துங்கள். பிரேக்கை மட்டுமே மிதித்து இறங்கினால் பாதி வழியில் கருகிய வாசனை வரும். ரப்பர் வளையம் போட்ட டிபன் டப்பா ஒன்றைக் காலியாக, இங்கே வீட்டிலேயே இறுக மூடிக் கொடுத்தனுப்புங்கள். மேட்டுப்பாளையத்தில் அதைத் திறக்க முடியாது. உள்ளே இருப்பது நம் மெல்லிய காற்று, வெளியே அடர்ந்த காற்று மூடியை அழுத்திக்கொண்டிருக்கும். கரண்டிக் காம்பை மூடியின் ஓரத்தில் கொடுத்து லேசாக நெம்பினால் 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். அப்போது பிள்ளையின் காது டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

வணக்கம்.