மிதவை சொன்னதும் கணினி சொன்னதும்

(நாகர்கோவிலில் மாணவர்களும் மீனவர்களும் வந்திருந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் கடல்தொழில் செய்யும் அண்ணன்மார் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் முன்னால் நின்று அலையைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நீங்கள் முதுகெலும்பால் அலையை அளந்தவர்கள். நான் அதை அட்டவணையில் பார்த்தவன்.

என் தொழிலில் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வேலை. ஒன்று, கணினியில் ஓடும் அலைக் கணக்குமுறை சொல்வது. அதை 'மாதிரி' என்போம். காற்றின் வேகத்தையும் திசையையும் கடலடி ஆழத்தையும் கொடுத்தால், இந்த இடத்தில் இந்த நேரத்தில் அலை இத்தனை மீட்டர் என்று அது கணக்குப் போடும். இன்னொன்று மிதவை சொல்வது. ஒரு மீட்டர்கூட விட்டமில்லாத மஞ்சள் பந்து அது. உள்ளே முடுக்கமானி, அதாவது அசைவின் வேகமாற்றத்தை அளக்கும் கருவி, இருக்கும். அலையோடு ஏறி இறங்குவதை அரைமணி நேரம் பதிவுசெய்து ஓர் எண்ணாகச் சுருக்கி அனுப்பும்.

அந்த எண் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னறிவிப்பில் 'அலை 1.5 மீட்டர்' என்று வருகிறதே, அது எல்லா அலைகளின் சராசரி கிடையாது. வந்த அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அதற்குப் போடும் சராசரி. அதனால் 1.5 என்று போட்டிருக்கும் நாளில் தனி அலை ஒன்று கிட்டத்தட்ட 3 மீட்டருக்கும் எழலாம். அது பொய்யான முன்னறிவிப்பு ஆகாது.

நான் இந்த வேலையில் புதிதாகச் சேர்ந்தபோது, கடலூர்ப் பக்கம் கோடைக்காலத் தரவு ஒன்றை ஒப்பிட்டேன். மிதவையில் அலை சாயங்காலம் ஐந்து மணியளவில் உச்சத்துக்குப் போகிறது. மாதிரியிலோ காலை பதினொன்றரைக்கே உச்சம். தினமும் இதே கதை. மாதிரியில்தான் கோளாறு என்று மூன்று வாரம் அதன் எண்களைத் திருகிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் வரைபடத்தை எட்டிப் பார்த்தார். விவரம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏந்தம்பி, கடக்காத்து ஏறுறதே மத்தியானத்துக்கு மேலதான். காத்து வர்றதுக்கு முன்னாடியே அலை வந்துருச்சா?"

அவ்வளவுதான், பொறி தட்டியது. மாதிரி கிரீன்விச் நேரத்தில் எழுதியிருந்தது. மிதவை இந்திய நேரத்தில். இடைவெளி சரியாக ஐந்தரை மணி. (திசையிலும் இதே கூத்து உண்டு. அலை எங்கிருந்து வருகிறது என்று ஒரு தரவு சொல்லும், எங்கே போகிறது என்று இன்னொன்று சொல்லும். 180 டிகிரி வித்தியாசம் வந்தால் கடலைக் குறை சொல்லாதீர்கள்.)

இதெல்லாம் எழுத்தர் பிழை, திருத்திவிடலாம். கரையை நெருங்க நெருங்க வருவதுதான் உண்மையான சிக்கல்.

ஈஆர்ஏ5 என்று ஐரோப்பிய வானிலை மையம் வெளியிடும் வானிலை, அலைத் தரவை நிறைய மாணவர்கள் இறக்கிப் பயன்படுத்துகிறீர்கள். நல்ல தரவுதான். ஆனால் அதில் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எண்தான் இருக்கும். அலைக்கான கட்டம் அரை டிகிரி, ஏறத்தாழ 55 கிலோமீட்டர். நம் மாவட்டக் கடற்கரையே சுமார் 70 கிலோமீட்டர்தான். குளச்சலும் முட்டமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டத்தின் எண்ணைக் கரையோர மிதவையோடு நேரடியாக மோதவிட்டு 'மாதிரி தப்பு' என்று எழுதுவது நியாயமில்லை. அதனால்தான் வெளிக்கடலுக்கு ஒரு மாதிரியை ஓட்டி, அதன் விளிம்பிலிருந்து ஸ்வான் போன்ற கரையோர மாதிரிக்கு அலையைக் கைமாற்றுகிறோம்.

அடுத்து, அலையின் நேரம். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையில் எத்தனை விநாடி என்பது. உள்ளூர்க் காற்று கிளப்பும் 5 விநாடி அலைக்கு ஆழ்கடலில் நீளம் 39 மீட்டர். தென்பெருங்கடல் புயலில் பிறந்து வரும் 16 விநாடி அலைக்கு 400 மீட்டர். நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் அலைக்குத் தரை தட்டுப்படும். முதலாவது 20 மீட்டர் ஆழம் வரை ஒன்றும் தெரியாமல் வரும். இரண்டாவது 200 மீட்டரிலேயே தரையை உணர்ந்து திரும்பவும் வளையவும் தொடங்கிவிடும். உயரம் இரண்டுக்கும் ஒன்றாக இருந்தாலும் கரையில் நடப்பது வேறு.

நம் கடலில் இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும். இரண்டின் ஆற்றலும் சமமாக இருக்கும் நாளில் மிதவை 'மேலோங்கிய அலை 5 விநாடி' என்னும், மாதிரி '16' என்னும். இரண்டும் பார்ப்பது ஒரே கடலைத்தான். மாணவர்கள் இந்த ஒற்றை எண்ணுக்குப் பிழைக்கணக்குப் போட்டு மிரண்டுபோகிறீர்கள். காற்றலையையும் தூரத்து அலையையும் பிரித்துவைத்து ஒப்பிடுங்கள். எனக்குப் பெரும்பாலும் அதிலேயே விடை கிடைத்திருக்கிறது.

தூரத்து அலை நமக்குப் புதிதில்லை. கள்ளக்கடல் என்கிறோமே, அதுதான். உள்ளூரில் காற்றே இருக்காது, கடல் மட்டும் ஏறிவரும். 2024 மே மாதத் தொடக்கத்தில் ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் எச்சரிக்கை கொடுத்திருந்தது. மே 6 அன்று கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் மூழ்கி இறந்தார்கள். 16 விநாடி அலையின் ஆற்றல் ஒரு நாளில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் நகரும் என்பதால், சில நாட்களுக்கு முன்பே வருகையைச் சொல்ல முடிகிறது. கடைசி முந்நூறு மீட்டரில் என்ன ஆகும் என்பதுதான் கடினம்.

ஏன் என்று கேட்டால், தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே படகு கவிழ்ந்து இறந்தவர்களை உங்களில் பலருக்குத் தெரியும். ஆழத்தின் ஏறத்தாழ 0.78 மடங்கு உயரம் எட்டினால் அலை உடையும் என்பது எங்கள் கைக்கணக்கு. ஒரு முகத்துவாரத்தில் 3 மீட்டர் ஆழம் என்று மாதிரிக்குக் கொடுத்திருந்தால், 1.6 மீட்டர் அலை உடையாமல் உள்ளே போய்விடும். மணல் சேர்ந்து ஆழம் 2 மீட்டராகிவிட்டால் அதே அலை முகத்துவாரத்திலேயே உடையும், படகின் மேல். வெளியே நிற்கும் மிதவையும் மாதிரியும் அன்றைக்கு அச்சுப்பிசகாமல் ஒத்துப்போயிருக்கும். ஆய்வுக்கட்டுரைக்கு அழகான வரைபடம் கிடைக்கும்.

அதனால் இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. மழைக்காலம் முடிந்ததும் இந்த அண்ணன்மாரோடு படகில் போய், கயிற்றில் ஈயக்குண்டு கட்டி முகத்துவாரத்தின் ஆழத்தை அளந்து வாருங்கள். ஐம்பது இடம் போதும். அதை மாதிரியில் போட்டு மறுபடி ஓட்டுங்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், முதலில் முன்வரிசைக்காரர்கள்.