மூன்று மீட்டர் இடைவெளி: மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயும் மும்பையும்

[காட்சி: கோவண்டி. இரு அடுக்குமாடிகளுக்கு இடையே ஒரு குறுகிய சந்து.]

மும்பையின் கோவண்டியில், குடிசைகளிலிருந்து மாற்றப்பட்டவர்களுக்காகக் கட்டப்பட்ட நட்வர் பாரேக் வளாகத்தில் ஒரு வீட்டின் அளவு 225 சதுர அடி. எதிரெதிர்க் கட்டடங்களுக்கு இடையே இருப்பது ஏறத்தாழ 3 மீட்டர்தான். கீழ்த்தளத்து வீடுகளில் நண்பகலிலும் விளக்கு எரிய வேண்டியிருக்கிறது. காசநோய்க் கிருமி இருமலின் வழியே காற்றில் கலப்பது. வெயிலும் காற்றோட்டமும் இல்லாத அறையில் அது மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அங்கே இருமுகிறவருக்கு வந்திருப்பது மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்றால், பக்கத்தில் படுத்துறங்கும் பிள்ளைக்குத் தொற்றுவதும் அதே கிருமிதான்.

"மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்குத்தான் இது வரும்" என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். அதில் பாதிதான் உண்மை. 2014 முதல் 2016 வரை இந்தியாவில் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், ஏற்கெனவே சிகிச்சை பெற்றிருந்தவர்களில் 11.6 விழுக்காட்டினருக்கும், புதிதாக நோய் கண்டவர்களில் 2.84 விழுக்காட்டினருக்கும் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய், அதாவது ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் என்ற இரு முதன்மை மருந்துகளுக்கும் கட்டுப்படாத காசநோய், இருந்தது. இரண்டாவது எண் சிறியதாகத் தோன்றலாம்; ஆனால் புதிய நோயாளிகளே எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதால், தலைகளை எண்ணினால் அது பெருங்கூட்டம். இவர்களிடம் போய் "மாத்திரையை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்பது அநியாயம்.

[காட்சி: நுரையீரலின் வரைபடம், அதில் ஒரு குழி.]

எதிர்ப்பு எப்படி உண்டாகிறது? நோய் முற்றிய நுரையீரலில் விழும் ஒரு குழிக்குள் பத்துக் கோடிக் கிருமிகள் வரை இருக்கக்கூடும். பத்து லட்சம் கிருமிகளில் ஏறத்தாழ ஒன்று, ஐசோநியாசிட் மருந்துக்கு அசையாத மாற்றத்தோடு தானாகவே பிறக்கிறது; ரிஃபாம்பிசினுக்கு அசையாதது பத்துக் கோடியில் ஒன்று. ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை மடிய, அந்தச் சில கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகும். இரண்டுக்கும் ஒருசேரத் தப்பும் கிருமி மிக மிக அரிது என்பதால்தான் மருந்துகளைச் சேர்த்தே கொடுக்கிறார்கள். அந்தச் சேர்க்கை எங்கே உடைகிறதோ அங்கே எதிர்ப்பு பிறக்கிறது. உடைப்பவர் எப்போதும் நோயாளியாக இருப்பதில்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் தாராவியில், 1991இல் வெளியான ஆய்வு ஒன்றில், 100 தனியார் மருத்துவர்கள் காசநோய்க்கு 80 விதமான மருந்துச் சீட்டுகளை எழுதியிருந்தார்கள். அதே தாராவியில் மருத்துவர் ஜரீர் உத்வாடியாவின் குழுவினர் மீண்டும் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டபோது, 106 மருத்துவர்கள் 63 விதமாக எழுதியிருந்தார்கள்; சரியாக எழுதியவர்கள் 6 பேர். கடன் வாங்கி மருந்து வாங்கிய ஒருவர், சீட்டில் உள்ளதை ஒருவேளைகூடத் தவறாமல் விழுங்கியும் எதிர்ப்புக் கிருமியை வளர்த்திருக்க முடியும் என்பதை நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை.

[காட்சி: சளிக்குப்பி, சோதனைக் கருவி.]

எனவே முதல் சளிப் பரிசோதனையிலேயே எதிர்ப்பையும் தேட வேண்டும். சிபிநாட் என்னும் கருவி கிருமி இருக்கிறதா, அது ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்ற இரண்டையும் சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். நுண்ணோக்கியில் பார்ப்பது கிருமியைக் காட்டுமே தவிர, அதன் குணத்தைக் காட்டாது.

முன்பு இந்நோய்க்குச் சிகிச்சை இரண்டு ஆண்டுகள் வரை நீண்டது. அதில் பல மாதங்கள் ஊசி. கானாமைசின் ஊசியால் கேட்கும் திறனை இழந்த மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேஸா டிசிலேயும், எதிர்ப்புக் காசநோய்க்கான பெடாகுயிலின் மாத்திரையின் காப்புரிமையை நீட்டிக்கக் கோரிய விண்ணப்பத்தை எதிர்த்து இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் முறையிட்டார்கள். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஊசியே இல்லாமல், பெடாகுயிலின், பிரிட்டோமானிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் ஆகிய மாத்திரைகளை ஆறு மாதம் உட்கொள்ளும் முறையை 2022இல் உலகச் சுகாதார நிறுவனமும், 2024இல் இந்திய அரசும் ஏற்றன. இதற்கும் பக்கவிளைவுகள் உண்டு. லினிசோலிட் நரம்பைத் தாக்கினால் பாதம் மரத்து, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல், மரப்பு தொடங்கிய அன்றே மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்க வழி உண்டு.

நோயாளியை வீட்டைவிட்டு அனுப்பத் தேவையில்லை என்பதைச் சென்னை முன்பே காட்டியிருக்கிறது. 1956இல் தொடங்கிய ஆய்வில், நெரிசலான வீடுகளிலேயே மருந்து உட்கொண்டவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்தில் சேர்க்கப்பட்டவர்களின் குடும்பத்தாரைவிட நோய் கூடுதலாக வரவில்லை. அது எதிர்ப்புக் காசநோய் பற்றிய ஆய்வு அன்று; ஆனால் கிருமிக்குப் பொருந்தும் மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் தொற்றும் தன்மை வேகமாகக் குறைகிறது என்பது இங்கும் பொருந்தும். ஆபத்தான காலம், நோய் தெரியாமல் இருமிக்கொண்டிருந்த அந்த மாதங்கள்தான்.

ஆகவே ஒருவருக்கு நோய் உறுதியானால், வீட்டிலுள்ள அனைவரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். போகும்போது அவருடைய சோதனை அறிக்கையையும் கையோடு கொண்டு போங்கள். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படவில்லை என்று அதில் இருக்கும். பிள்ளைக்குச் சளியில் கிருமி அகப்படாமல் போனாலும், எந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்பதை மருத்துவர் அந்தத் தாளிலிருந்தே தெரிந்துகொள்வார்.