கழற்றிய சாமானைத் தூக்கிப் போடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் இருபத்தைந்து வருடம் மரம் வெட்டும் வேலை பார்த்தவன் நான். சாலையோரத் தூங்குமூஞ்சி மரம், அங்சானா, தெம்புசு என்று ஏறாத மரம் இல்லை. வேலையை விட்டுவிட்டேன், செயின்சாவை மட்டும் விட முடியவில்லை. பழைய மெஷின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி ஓட வைக்கிறேன்.

முதலில் கைக்கு வந்தது ஸ்டில் 070 செயின்சா. ஒரு காராங்குனி (பழைய சாமான் வாங்குபவர்) அங்கிளின் தள்ளுவண்டியில், பழைய மின்விசிறிகளுக்கு அடியில் கிடந்தது. நாற்பது வெள்ளி கொடுத்து வாங்கினேன். ஸ்டில் கம்பெனி 1959இல் காண்ட்ரா என்ற மெஷினைக் கொண்டுவந்தது. நடுவில் கியர் இல்லாமல், இன்ஜினே நேராகச் சங்கிலியை ஓட்டும் மெஷின் அது. அதன் வம்சத்தில் வந்ததுதான் 070. 106 சிசி இன்ஜின். மலேசிய, இந்தோனேசியக் காடுகளில் பெருமரங்களை அறுத்தது இந்த மெஷின்தான். அதனால் இதற்கு நம் வட்டாரத்தில் இன்றும் சாமான் கிடைக்கிறது. மெக்கலக், ஹோம்லைட் போன்ற அமெரிக்க மெஷின்களுக்குத்தான் அலைய வேண்டும்.

முன்பெல்லாம் சாமான் தேட சுங்கை ரோட்டுப் பழைய பொருள் சந்தைக்குப் போவோம். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள். அன்று சாயங்காலம் கடைசியாக இரண்டு அரம் வாங்கினேன், இன்னும் வைத்திருக்கிறேன். இப்போது ஜாலான் புசார் பக்கம் உள்ள கடைகளுக்குப் போகிறேன், கரோசல் இணையச் சந்தையில் தேடுகிறேன், கிடைக்காவிட்டால் வெளிநாட்டிலிருந்து தருவிக்கிறேன்.

கடைக்குப் போய் மெஷின் பெயரைச் சொன்னால் தவுக்கே (கடை முதலாளி) கையை விரிப்பார். பெயரைச் சொல்லாதீர்கள், எண்ணைச் சொல்லுங்கள். பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வளையத்தில் ஓர் எண் இருக்கும். 6203 என்றால் உள் விட்டம் 17 மில்லிமீட்டர், வெளி விட்டம் 40, அகலம் 12. எந்த நாட்டில் செய்தாலும் அதே அளவு. பக்கத்தில் சி3 என்று இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். சூட்டில் விரிவதற்குக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்ட பேரிங் அது. எண்ணெயும் காற்றும் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலிலும் அப்படித்தான், மூன்று அளவுகள் ரப்பரிலேயே பதிந்திருக்கும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் டில்லட்சன் கம்பெனியுடையது என்றால் உடம்பில் எச்எல் என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அதைச் சொன்னால் சரியான டயாஃப்ரம் செட் வந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், புதுச் சாமான் பொருந்தி மெஷின் ஓடும்வரை கழற்றிய எதையும் வீசாதீர்கள்.

டயாஃப்ரம் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விட உதவும், உள்ளங்கைக்குள் அடங்கும் மெல்லிய சவ்வு. புதியது துணி மாதிரி துவளும். வருடக்கணக்கில் பெட்ரோலில் ஊறிக் காய்ந்தது விரலால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி கரகரக்கும். அப்படிக் கரகரத்தால் மாற்றியே ஆக வேண்டும். மாற்றாவிட்டால் பெட்ரோல் குறைவாகப் போய், அதோடு கலந்த எண்ணெயும் குறைந்து, பிஸ்டன் கீறிவிடும்.

என் முதல் 070க்கு நடந்ததும் பிஸ்டன் கீறல்தான், ஆனால் காரணம் வேறு. புது பிஸ்டன், ரிங் போட்டேன். ஒரே வாரத்தில் ஜாம் ஆனது. பிஸ்டன் விற்றவர் மேல் கோபப்பட்டேன். அப்புறம்தான் கிராங்க் பெட்டியைச் சோதித்தேன். காற்று போகும் வழி, புகை வரும் வழி இரண்டையும் சைக்கிள் டியூப் துண்டால் அடைத்து, லேசாகக் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவினேன். ஃபிளைவீல் பக்கத்து சீலில் கடுகு மாதிரி குமிழிகள் வரிசையாக வந்தன. அந்த வழியாக உள்ளே போன காற்றுதான் பெட்ரோல் கலவையை மெலிதாக்கி, பிஸ்டனைத் தின்றிருக்கிறது. சில வெள்ளி பெறும் சீலை விட்டுவிட்டு, பிஸ்டனுக்குப் பணத்தைக் கொட்டியிருக்கிறேன். இப்போது எந்த மெஷின் வந்தாலும் முதல் வேலை சோப்புத் தண்ணீர்தான்.

ஸ்பார்க் பிளக்கில் கரண்ட் வரவில்லை என்றால் உடனே காயில் தேடி ஓடாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சும்மா கிடந்தால், பொறிக்கான கரண்டைத் திறந்து மூடும் பாயிண்ட் மேல் மெல்லிய படலம் படியும். நைசான உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் வைத்தால் பல மெஷின்களில் நீலப்பொறி வந்துவிடும்.

இந்த மெஷின்களை வீவக அடுக்குமாடி வீட்டில் ஸ்டார்ட் செய்ய முடியாது. அதற்கு சுங்கை காடுட்டில் நண்பர் ஒருவரின் மரப்பட்டறைக்குக் கொண்டு போவேன். என் 070இல் செயின் பிரேக் கிடையாது. வாள் எகிறினால் சங்கிலியை நிறுத்த எதுவும் இல்லை. அதனால் இதை யாருக்கும் வேலைக்குக் கொடுக்கமாட்டேன்.

உங்கள் அப்பாவோ மாமாவோ தோட்டத்திலோ பலகை ஆலையிலோ வேலை செய்தவராக இருந்து, வீட்டு ஸ்டோர் ரூமில் இப்படி ஒன்று கிடந்தால், காராங்குனிக்குப் போடுமுன் ஸ்டார்ட்டர் கயிற்றை ஒருமுறை மெதுவாக இழுத்துப் பாருங்கள். பாதியில் உள்ளேயிருந்து எதிர்த்துத் தள்ளுகிறதா? அப்படியென்றால் பிஸ்டனும் ரிங்கும் இன்னும் வேலை செய்கின்றன. பெட்ரோல் டாங்க்கைக் காலி செய்து, ஒரு துணியில் சுற்றி வையுங்கள்.