செத்த எலியும் ஒரு சொம்பு மோரும்

நடுவர் அய்யாவுக்கும், இரண்டு அணிக்கும், பொங்கல் வைத்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிற விருதுநகர் மக்களுக்கும் வணக்கம். கொடுத்திருப்பது எட்டு நிமிடம். வணக்கத்துக்கு இது போதும்.

வேர்க்க விறுவிறுக்க உடற்பயிற்சி செய்தவனைத் தேற்றுவது அடுப்படிப் பண்டமா, டப்பா பவுடரா? நான் அடுப்படி அணி. என் வயிற்றைப் பார்த்தாலே தெரியும், சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு ஜிம்முக்குப் போய்ப் பாருங்கள். பத்தே நிமிடத்தில் உங்களைச் சுற்றியிருக்கிற மிஷின் எல்லாம் காலியாகிவிடும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். கடைசி வரிசையில் ஒருவர் விசில் வேறு. சரி. நாற்றத்தைப் பற்றிப் பேச்செடுத்தது நானில்லை, அவர்தான். நடுவர் அய்யா இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

போன வருஷம் எனக்கு வயது 47. டாக்டர் நடக்கச் சொன்னார். நான் அவசரப்பட்டு ஜிம்மில் சேர்ந்துவிட்டேன். அங்கே மாஸ்டர், என் மகன் வயசுப் பையன், "அங்கிள், முடிச்ச அரை மணி நேரத்துல புரோட்டீன் உள்ள போயிடணும்" என்றான். போகாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஒரு டப்பா வாங்கினேன். கூடவே ஒரு ஷேக்கர் பாட்டில். உள்ளே கம்பியைச் சுருட்டி உருண்டையாகப் போட்டிருப்பார்கள், கிலுகிலுப்பை மாதிரி.

ஒரு வெள்ளிக்கிழமை அதில் பவுடரைக் கலக்கிப் பாதியைக் குடித்தேன், மீதியை மூடிப் பைக்குள் வைத்தேன், பையை பீரோ பக்கத்தில் போட்டேன். அன்று மச்சினன் வீட்டு விசேஷம். குடும்பத்தோடு சிவகாசிக்கு பஸ் ஏறிவிட்டோம். சித்திரை மாதம். நம் ஊர் சித்திரையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

திங்கள்கிழமை வந்து கதவைத் திறந்தோம். என் மனைவி ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. "என்னங்க, எலி செத்துக் கெடக்கு." அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எலியா? பெருச்சாளிடி" என்றாள்.

தேடினோம். பரணில் ஏறினோம். பக்கத்து வீட்டு அண்ணாச்சி அனுபவசாலி. நடுவீட்டில் நின்று, கண்ணை மூடி, மூக்கைத் தூக்கி, "கிழக்கால இருந்து வருது" என்றார். கிழக்கே பீரோ. நாலு பேர் சேர்ந்து நகர்த்தினோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் தொலைந்த கொலுசு கிடைத்தது. எலி கிடைக்கவில்லை. அந்தக் கொலுசுக்கு அப்போது யார் யாரைச் சந்தேகப்பட்டோம் என்று ஒரு பஞ்சாயத்து. அது தனிப் பட்டிமன்றம்.

பீரோவை நகர்த்த இடைஞ்சலாக இருக்கிறதே என்று என் பையை எடுத்து எதிர்ச்சுவர் ஓரமாக வைத்தேன். அண்ணாச்சி திரும்பவும் கண்ணை மூடினார். "தம்பி, இப்ப மேற்கால இருந்து வருதே!" அம்மா கேட்டாள்: "செத்த எலி எப்படிப்பா நடக்கும்?"

நடந்தது அய்யா! பையைத் திண்ணைக்குக் கொண்டுபோனேன், எலி திண்ணைக்கு வந்தது. தோளில் மாட்டினேன், என் முதுகுப் பக்கம் வந்தது. அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கடைசியில் பையைத் திறந்து, பாட்டில் மூடியைத் திருகினேன். திருகத்தான் செய்தேன், டப்பென்று அதுவே எகிறியது. அண்ணாச்சி அவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தம்பி, சுண்டல் சாப்பிட்டால் பத்து நிமிடத்துக்குப் பக்கத்து மிஷின்தான் காலி. நீங்கள் சொல்கிற பவுடரால் எங்கள் தெருவே காலி!

வாயுவைப் பற்றிச் சொன்னார் இல்லையா? கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப்போட்டு, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் குழைய வேகவைத்து, பெருங்காயமும் இஞ்சியும் தாளித்துப் பாருங்கள். வாயுவில் ஒரு பங்கு அந்தக் கொட்டின தண்ணீரோடு போய்விடும். இதைச் செய்யாமல் சுண்டலைக் குறை சொல்வது, அரிசியைக் களையாமல் பொங்கிவிட்டுக் கல் கடிக்கிறது என்பது மாதிரி. அது கிடக்கட்டும், உங்கள் டப்பாவில் இருக்கிற வே புரோட்டீன் என்பது என்ன? பாலைத் திரித்துக் கட்டியை எடுத்தபின் மிஞ்சுகிற தண்ணீர். அதைக் காயவைத்த தூள். பன்னீர் எடுத்த அன்றைக்கு எங்கள் அம்மா அந்தத் தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசைவாள், கிலோ மூவாயிரம் என்று தெரியாமல். பால் சேராத வயிற்றுக்கு அந்தத் தூளும் உப்புசம்தான்.

ஒரு கரண்டிப் பவுடரில் 24 கிராம் புரதம் என்றார். உண்மை, மறுக்கவில்லை. நூறு கிராம் நிலக்கடலையில் ஏறக்குறைய 25 கிராம். பக்கத்துக் கோவில்பட்டிக்காரர்கள் அதில் வெல்லப்பாகை ஊற்றிக் கடலை மிட்டாயாக்கி, 2020இல் அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். தசைக்குப் பருப்பு, போன தெம்புக்கு வெல்லம். நூறு கிராம் கடலை மிட்டாயை ஒரே மூச்சில் தின்றால் என்ன ஆகும் என்று எதிரணியில் யாரும் கேட்க வேண்டாம். வேர்வையில் போனது உப்பும் தண்ணீரும். அதற்கு மோர் இருக்கிறது. ஜிம்முக்கு எதிரில் பரோட்டாக் கடையும் இருக்கிறது. அது எந்த அணியிலும் சேராது, ஆனால் நான் சேர்ந்திருக்கிறேன்.

மோர் என்றேன் இல்லையா.

எங்கள் அப்பா இதே ஊரில் பருப்புக் கிட்டங்கியில் லோடுமேன். நூறு கிலோ மூட்டை. ஜிம்மில் பையன்கள் தூக்கிவிட்டுக் கண்ணாடி பார்க்கிறார்கள். அப்பாவுக்குக் கண்ணாடி லாரியில்தான் இருந்தது. சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தால், ஒரு கையில் பொரிகடலையும் மண்டவெல்லமும், ஒரு கையில் மோர்ச் சொம்பு. சின்ன வெங்காயம் தட்டிப் போட்டிருக்கும். பொரிகடலையில் பாதி எங்கள் கைக்கு வந்துவிடும். "எனக்குப் பல்லு வலிக்கு" என்பார். தினமும் வலிக்குமா அய்யா பல்லு?

மோரைக் கொடுக்கும் முன்னால் அம்மா அவருடைய முதுகைத்தான் பார்ப்பாள். சட்டை காய்ந்து வெள்ளை வெள்ளையாக வரி வரியாக உப்புப் பூத்திருக்கும். ஒரு வரி என்றால் ஒரு கல் உப்பு. தோள் முழுக்கப் பூத்திருந்தால் இரண்டு கல் கூட. அதுதான் அவளுக்கு அளவு. தராசும் கிடையாது, டப்பாவில் போட்டுத் தருகிற பிளாஸ்டிக் கரண்டியும் கிடையாது.

இதில் வாதம் எங்கே இருக்கிறது என்று தம்பி கேட்பார். எனக்கும் தெரியவில்லை. மணி வேறு அடித்துவிட்டார்கள், அரை நிமிடம் கொடுங்கள் அய்யா.

அந்த நாறிப்போன பாட்டிலை நான் குப்பையில் போட்டேன். அம்மா எடுத்து, வெந்நீரில் சோடா உப்புப் போட்டு இரண்டு நாள் ஊறவைத்துக் கழுவினாள். "இந்தக் கம்பி உருண்ட மோரு கடைய நல்லாத்தான் இருக்கு" என்றாள். இந்தா, இந்த மேடைக்கும் அதைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். இப்போதும் நான் ஜிம்மிலிருந்து வந்தால் அந்தப் பாட்டிலோடு நிற்கிறாள். கண் சரியாகத் தெரியாது. என் தோளைப் பிடித்து லைட்டுப் பக்கம் திருப்பி, பனியன் முதுகை விரலால் தடவிப் பார்க்கிறாள்.

"ஏசி போட்ட எடமாப்பா? ஒண்ணும் பூக்கலையே" என்கிறாள். உப்பைக் குறைத்துத்தான் போடுகிறாள்.

வணக்கம்.