கூப்பிட்டவர்தான் பில் கட்டணும்

நடுவர் ஐயா அவர்களே, அவையோரே, வணக்கம். பொங்கல் ஆறுவதற்குள் விஷயத்துக்கு வருகிறேன்.

குற்றம் செய்தவரே கோர்ட்டுச் செலவையும் கட்டட்டும் என்கிறது எதிரணி. நாம் இருக்கும் இந்த இங்கிலாந்தில் இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். 2015 ஏப்ரலில் அதற்கென்றே ஒரு கட்டணம் வந்தது. எதிரே நிற்பவரிடம் காசு இருக்கிறதா என்று பார்த்துக் குறைக்க மாஜிஸ்திரேட்டுக்கு உரிமை இருக்கவில்லை.

அந்த வருடம் ஒரு பெண் கடையில் சாக்லேட் திருடினார். இரண்டு நாளாகச் சாப்பாடில்லை, அரசு உதவித்தொகையும் நின்றுபோயிருந்தது. ஒரு பொட்டலம், விலை 75 பென்ஸ். கோர்ட் என்ன போட்டது? அபராதம் 73 பவுண்டு. வழக்குச் செலவு 85. பாதிக்கப்பட்டோர் நிதிக்கு 20. புதுக் கட்டணம் 150. இருங்கள், கடைக்காரருக்கு நஷ்ட ஈடு 75 பென்ஸ்! அதை மறக்கவில்லை பாருங்கள். மொத்தம் 328 பவுண்டு 75 பென்ஸ். நான் கணக்கில் புலி இல்லை, என் மகன்தான் போட்டுக் கொடுத்தான். அந்தக் காசுக்கு 438 பொட்டலம் வாங்கலாமாம். அப்புறமும் சில்லறை மிஞ்சுமாம். புதுக் கட்டணத்துக்கு மட்டுமே 200 பொட்டலம். ஒரு பொட்டலம் வாங்க வழியில்லாதவரிடம், ஐயா, 438 பொட்டலம்!

இதற்கு எதிரணித் தம்பி என்ன சொன்னார்? “ஓட்டலில் சாப்பிட்டவன் பில் கட்டணும். பக்கத்து மேசைக்காரன் ஏன் கட்டணும்?” கைத்தட்டல் வேறு. தம்பி, ஓட்டலுக்குப் பசித்துப் போகிறோம். கோர்ட்டுக்கு யாராவது பசித்துப் போவார்களா? சம்மன் அனுப்பிக் கூப்பிட்டது அரசு. நம் ஆட்களிடம் கேளுங்கள், கூப்பிட்டவர்தான் பில் கட்டணும்! இன்னொன்று, அது என்ன ஓட்டல் தெரியுமா? அன்றைய கட்டணம், சின்ன வழக்கில் குற்றத்தை ஒத்துக்கொண்டால் 150 பவுண்டு. “நான் இதைக் கேட்கவே இல்லையே” என்று சர்வரிடம் வாதாடித் தோற்றால் 520. பெரிய கோர்ட்டில் தோற்றால் 1,200. வாய் திறந்தால் விலை ஏறுகிற ஓட்டல். குற்றமே செய்யாதவன்கூட, எதற்கு வம்பு என்று 150-க்குத் தலையாட்டிவிட்டுப் போவான். தம்பி, அந்த ஓட்டலுக்கு நீங்கள் குடும்பத்தோடு போய் வாருங்கள்.

மணி அடிக்கப் போகிறார் நடுவர். ஒன்றே ஒன்று.

லெஸ்டரில் ஒரு மாஜிஸ்திரேட். சம்பளம் இல்லாத பதவி அது. அவர் முன் அகதி விண்ணப்பம் போட்ட ஒருவர் நின்றார். வேலை செய்ய அனுமதி இல்லை, வாரத்துக்கு 36 பவுண்டுச் சொச்சம்தான் வந்தது. அவர் கட்ட வேண்டிய கட்டணம் 180. குறைக்கத்தான் முடியாது, சரி என்று தன் காசில் 40 பவுண்டு தருகிறேன் என்றார் அந்த மாஜிஸ்திரேட். அதற்காக அவரைப் பதவியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவர் பதவியை விட்டே போனார். அந்தக் கட்டணத்தால் விலகியவர்கள் 50 பேருக்கும் மேல். அதே 2015 டிசம்பர் 24-இல் கட்டணத்தையே எடுத்தார்கள்.

வாதம் இருக்கட்டும், ஐயா. இந்த மண்டபத்தில் எத்தனை பேர் அகதி விண்ணப்பம் போட்ட அந்த ஆளைப் போல, முடிவு சொல்லும் ஒரு கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள்! நான் வந்த முதல் குளிர்காலத்தில் பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மா என் சட்டைப்பையில் இருபது பவுண்டைத் திணித்தார். பேச மொழி இல்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. பஸ் வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார்.

தம்பி, உங்களுக்கும் யாரோ ஒருவர் கொடுத்திருப்பார். யார் அது?